ஒரு வருடம் தொடாததைத் தூக்கிப் போடலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் வீடு. முன்பு கூட்டுக்குடும்பம், இப்போது அத்தை, நான், பிள்ளைகள் இரண்டு பேர். வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, வாரக் கடைசியில் வருவார். கொழுந்தனார் பெங்களூரில், நாத்தனார் தர்மபுரியில். எல்லோருடைய சாமானும் இந்த வீட்டில்தான் கிடக்கிறது. ஒரு வருடமாகத் தொடாத பொருளைத் தூக்கிப் போடுங்கள் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அத்தை ஒரு காலி டப்பாவைக்கூட விட மாட்டேன் என்கிறார், தண்ணீர் பிடிக்க என்று ஆறு டிரம்மும் இருபது குடமும் நிற்கின்றன. எங்கிருந்து ஆரம்பிப்பது? இரண்டு புது பீரோ வாங்கலாமா? வீட்டோடு வாழ்க்கையையும் ஒழுங்குபடுத்த வேண்டும், அதற்கு என்ன வழி?

பதில்: வீடு மாற்றிக் கொடுப்பதுதான் என் தொழில். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று இந்தப் பக்கத்து வீடுகளின் பரணையும் கட்டிலுக்கு அடியையும் அந்தந்த வீட்டுக்காரர்களைவிட நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன். ஒரு குட்டியானை வண்டியில் எல்லாம் போய்விடும் என்று சொன்ன வீட்டுக்கு இரண்டாவது நடை அடிக்க வேண்டி வருவது இந்தத் தொழிலில் சகஜம். அந்த இரண்டாவது நடையில் ஏறுவது பெரும்பாலும், போன தடவை வீடு மாற்றியபோது ஒட்டிய டேப்பைக்கூடப் பிரிக்காத அட்டைப்பெட்டிகள்.

அந்த ஒரு வருடக் கணக்கை நம் வீடுகளுக்கு அப்படியே கொண்டுவராதீர்கள். கீழே இறங்கினாலே கடை இருக்கும், விளைச்சல் என்று எதுவும் வாசலுக்கு வராது என்கிற அடுக்குமாடி வீட்டுக்கு அது சரியாக இருக்கலாம். நம் பக்கம் மாசி, பங்குனியில் கொட்டை எடுத்து அடைத்த புளி அடுத்த மாசி வரை ஓட வேண்டும். ஊறுகாய் ஜாடிக்கு மாங்காய்க் காலத்தில்தான் வேலை, மற்ற மாதங்களில் அது மூலையில் சும்மாதான் நிற்கும். பெரிய அண்டாவை வீட்டில் ஒரு விசேஷம் வந்தால்தான் இறக்குவீர்கள், அது வருடம் தவறாமல் வருமா என்ன? ஆனால் தினமும் கைபடுகிற பொருள்களைப் பாருங்கள். கதவுக்குப் பின்னால் தொங்கும் கட்டைப்பைகள், எந்த போனுக்கும் சேராத சார்ஜர் ஒயர்கள், மூடியில்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி. இவையெல்லாம் அந்தப் பரீட்சையில் பாஸ் ஆகிவிடும். அத்தையின் விதை முடிச்சு ஃபெயில் ஆகிவிடும்.

அதனால் வேறு இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறேன். இது யாருடையது? இங்கே எதற்காகக் காத்திருக்கிறது? முதல் கேள்விக்கு ஒரு ஆளின் பெயர் பதிலாக வர வேண்டும். இரண்டாவதற்கு ஒரு மாதமோ, பண்டிகையோ, காரியமோ வர வேண்டும். இரண்டுக்கும் பதில் இருந்தால் எவ்வளவு இடம் அடைத்தாலும் அது இருக்கட்டும். ஒன்றுக்கு மட்டும் பதில் இருந்தால் அதைப் பேசித் தீர்க்க வேண்டும். இரண்டுக்கும் இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம்.

முதல் கேள்வியை வைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எதையும் தூக்கிப் போடாமலேயே கணிசமான இடம் காலியாகும். உங்களைப் போன்ற வீடுகளில் பாதிச் சாமான் வீட்டில் இருப்பவர்களுடையதே கிடையாது. கொழுந்தனாரின் கல்லூரிப் புத்தகம் ஒரு பெட்டியாவது இருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன். நாத்தனாருக்கு வைத்த சீர்ப் பாத்திரத்தில் அவர் எடுத்துப் போகாத மிச்சம் இருக்கும். பலகாரம் வந்த பக்கத்து வீட்டுத் தூக்குப்போசி, யாரோ சாப்பாடு கட்டி அனுப்பிய டிபன் கேரியர், தக்காளியோ மாங்காயோ போட்டபோது வந்த மண்டியின் பிளாஸ்டிக் கிரேட் எல்லாம் அந்தக் கூட்டத்தில் சேரும். கிரேட்டின் மேல் பெயின்ட்டில் மண்டியின் பெயரே எழுதியிருக்கும். அதில் நம் வீட்டுச் செருப்பு உட்கார்ந்திருக்கும். இவற்றைத் திருப்பிக் கொடுப்பதற்கு அத்தை மறுப்புச் சொல்லமாட்டார். அடுத்தவர் பாத்திரம் வீட்டில் தங்கினால் அவருக்கே பிடிக்காது. அவரோடு சேர்ந்து செய்கிற முதல் வேலை இப்படிப்பட்டதாக இருந்தால், அடுத்த வேலைக்கு அவரே வந்து உட்காருவார்.

வெளியூரில் இருப்பவர்களிடம் கேட்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி வேணுமா என்று கேட்டால் "இருக்கட்டும்" என்றுதான் பதில் வரும். அப்படிச் சொல்ல அவர்களுக்குச் செலவு எதுவும் இல்லை, இடம் உங்களுடையது. "ஆடிப் பதினெட்டுக்கு வரும்போது எடுத்துக்கிட்டுப் போறீங்களா, இல்லை நாங்களே யாருக்காவது கொடுத்துடட்டுமா" என்று நாள் குறித்துக் கேட்க வேண்டும். இதையும் நீங்கள் கேட்காதீர்கள். தம்பியிடம் உங்கள் வீட்டுக்காரர் கேட்கட்டும், மகளிடம் அத்தை கேட்கட்டும். மருமகள் வாயிலிருந்து வந்தால் சாமான் பேச்சு சொத்துப் பேச்சாக மாற ரொம்ப நேரம் ஆகாது. சீர்ப் பாத்திரத்தை மட்டும், சம்மதம் கிடைத்தாலும், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பித்தளையோ எவர்சில்வரோ, நாத்தனார் கையில் ஒப்படைத்த பிறகு அவர் என்ன செய்தாலும் அது அவர் பாடு. புத்தகப் பெட்டியைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு புத்தகத்தையும் உதறிப் பாருங்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், நகைக்கடன் சீட்டு எல்லாம் அதற்குள் இருந்து விழுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, காத்திருக்கும் பொருள்கள். இதில் நல்ல காத்திருப்பும் உண்டு, வெட்டிக் காத்திருப்பும் உண்டு.

தானியமும் புளியும் விதையும் நல்ல காத்திருப்பு. ராகி நன்றாகக் காய்ந்திருந்தால் வருடக்கணக்கில் பூச்சி பிடிக்காது. குதிரிலும் குழியிலும் போட்டு வைத்து வறட்சிக் காலத்தைக் கடந்தவர்கள் நம் ஆட்கள். அரிசியும் பருப்பும் அப்படித் தாங்காது. அவரைக்கும் துவரைக்கும் செம்மண் கட்டுவது, சுரை, பூசணி விதையைச் சாம்பலில் புரட்டி வைப்பது, தானியத்துக்குள் நொச்சி இலையும் வேப்பிலையும் போடுவது எல்லாம் அத்தைக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். இதையெல்லாம் அடைசல் என்று எண்ணிக் கைவைக்காதீர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: புதியது வரும்போது பழையதை முன்னால் இழுத்து, புதியதைப் பின்னால் வையுங்கள். பல வீட்டில் இது தலைகீழாக நடந்து, மூன்று வருடப் புளி கறுத்துப் போய் அடியில் கிடக்கும். பானையின் மேல் மாதமும் வருடமும் சாக்பீஸில் எழுதினாலே போதும்.

அண்டா, குண்டான், பெரிய வாணலி விஷயத்தில் கொஞ்சம் கணக்குப் போடலாம். வீட்டு விசேஷம் இப்போது பெரும்பாலும் மண்டபத்தில் நடக்கிறது, சமையல்காரரே பாத்திரத்தோடு வருகிறார், இல்லையென்றால் பாத்திர வாடகைக் கடை இருக்கிறது. அதனால் ஊருக்கே சமைக்கிற அளவில் நான்கு அண்டா வைத்திருப்பவர்கள் ஒன்றை வைத்துக்கொண்டால் போதும். எது என்பதை அத்தைதான் சொல்ல வேண்டும். அதில் அவர் மாமியாரின் பெயர் வெட்டியிருக்கலாம்.

வெட்டிக் காத்திருப்பு என்பது "எப்பவாவது உதவும்" என்பது. 2006க்குப் பிறகு வந்த அரசு கலர் டிவி, 2011க்குப் பிறகு வந்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி எல்லாம் நல்ல பொருள்கள்தான், ஓடிய வரைக்கும். ஓடாமல் போனபின் ரிப்பேருக்குக் காத்திருக்கின்றன. ரிப்பேர் கடைக்கு எப்போது போகும் என்று கேட்டால் பதில் கிடையாது. பொருள் வந்த அட்டைப்பெட்டியும் தெர்மோகோலும் இதே வகை. வாரன்டி முடியும் வரைக்கும் பெட்டியை வைத்திருக்க ஒரு நியாயம் உண்டு, அதற்குப் பிறகு கிடையாது. வீடு மாற்றும்போது உதவும் என்பார்கள். நான் சொல்கிறேன், உதவாது. பரணில் வருடக்கணக்கில் கிடந்த அட்டைப்பெட்டி தூக்கும்போதே அடி பிய்ந்துவிடும், நாங்கள் புதுப்பெட்டிதான் கொண்டுவருவோம்.

இந்த இடத்தில் உங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். ஓசூர் கம்பெனிகளில் 5எஸ் என்கிற ஒழுங்குமுறை தெரியாத ஆள் கிடைப்பது கஷ்டம். டிவிஎஸ் மோட்டார் 2002இல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கிய ஊர் அது. கருவியை எடுத்த இடத்தில் வைப்பது அங்கே டீக்கடைப் பேச்சு. ஜப்பான் தொழிற்சாலைகளில் பிறந்த அந்த முறையில் ஐந்து படி: முதலில் வேண்டியதையும் வேண்டாததையும் பிரிப்பது, பிறகு ஒவ்வொன்றுக்கும் இடம் குறிப்பது, பிறகு துடைத்துச் சுத்தம் செய்வது, செய்த முறையை எல்லோருக்கும் ஒன்றாக்குவது, கடைசியாக அதைப் பழக்கமாக்குவது. நாம் இதை வரிசை மாற்றிச் செய்கிறோம். முதலில் சுத்தம் செய்கிறோம், பிறகு பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கி இடம் குறிக்கிறோம், பிரிப்பது மட்டும் நடப்பதே இல்லை. வேண்டாத பொருள் புது டப்பாவுக்குள் போய் அழகாக உட்கார்ந்துகொள்கிறது.

அங்கே சிவப்புச் சீட்டு என்று ஒன்று உண்டு. வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாத பொருளில் தேதி எழுதிய சிவப்புச் சீட்டைக் கட்டித் தனி இடத்தில் வைத்துவிடுவார்கள். குறித்த நாளுக்குள் யாரும் வந்து கேட்காவிட்டால் அது வெளியே போகும். உங்கள் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் ஓர் இடம் ஒதுக்குங்கள், ஒரு கட்டில் அளவுக்கு மேல் வேண்டாம். நாள் என்றால் பொங்கல் அல்லது தீபாவளி. அந்தப் பண்டிகைக்கு எல்லோரும் வருவார்கள், வேண்டியவர் எடுத்துப் போகட்டும், மிச்சம் மறுநாளே போகட்டும். இதில் எனக்குப் பிடித்தது, யாரும் யாரையும் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை, தேதி பார்த்துக்கொள்ளும்.

அத்தை விஷயம். "விட மாட்டேன் என்கிறார்" என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வருவதற்கு முன்னால் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ ஊர்களுக்கு ஃப்ளோரைடு கலந்த போர்த்தண்ணீர்தான். பல்லில் காவி படிந்த பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நல்ல தண்ணீர் கிடைத்த அன்றே கிடைத்த பாத்திரத்தில் எல்லாம் பிடித்து வைத்தவர்தான் அன்றைக்குக் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் இன்றைக்கு ஆறு டிரம்மாகவும் இருபது குடமாகவும் நிற்கிறது. அதைக் கேலி செய்து ஒரு குடத்தைக்கூட நகர்த்த முடியாது.

கொசுவைக் காட்டிப் பேசலாம், அதில் உண்மையும் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் நல்ல தண்ணீர் தேங்கிய பாத்திரத்தில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். அதனால் டிரம்மைக் காலி செய்தால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை உள்ளே தேய்த்துக் கழுவ வேண்டும். "எத்தனை டிரம்மை நம்மால் வாரா வாரம் தேய்க்க முடியுமோ அத்தனை வச்சுக்கலாம் அத்தை" என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் ஊரில் எத்தனை நாளுக்கு ஒருமுறை குழாயில் வருகிறது என்பதும் தெரியும், கணக்குத் தானாக இரண்டு மூன்றில் வந்து நிற்கும். கொல்லையில் குவிந்த உடைந்த ஓடு, டயர், தென்னை மட்டைக்கும் இதே மாதிரி ஒரு காரணம் உண்டு: குவியல் இருந்தால் எலி வரும், எலி இருந்தால் பாம்பு வரும். வைத்தே ஆகவேண்டிய ஓட்டையும் விறகையும் சுவரை ஒட்டாமல், கல் வைத்து உயர்த்தி அடுக்குங்கள். எடுக்கும்போது கையை நேராக விடாதீர்கள், தேள் இருக்கும்.

அத்தையின் டிரங்குப் பெட்டியைத் தொடவே வேண்டாம். அது அவர் எல்லை. அவர் ஊரில் இல்லாத நாளில் எதையும் வெளியே அனுப்பவும் வேண்டாம். ஒரே ஒரு தடவை அப்படிச் செய்துவிட்டால் பிறகு காணாமல் போகும் ஒவ்வொரு கரண்டிக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பழைய இரும்புக்காரரிடம் பேரம் பேசுவது அவர், காசும் அவருக்கு என்று வைத்துவிடுங்கள். நம் தலைமுறையில் யாருக்கும் அப்படிப் பேரம் பேச வராது.

காகிதம்தான் இந்த வேலையிலேயே கஷ்டமானது. அதைக் கடைசியில் வையுங்கள், அவசரப்படாதீர்கள், ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

பத்திரம் என்று எழுதியிருக்கிற எதையும், கிழிந்திருந்தாலும், யாரும் தனியாக முடிவு செய்து ஒதுக்கக் கூடாது. மூலப்பத்திரம், பாகப்பிரிவினை, உயில், பழைய பட்டா, தாத்தா பெயரில் இருக்கும் கிஸ்தி (நிலவரி) ரசீது, வீட்டு வரி ரசீது எல்லாம் ஒரு பையில். கிஸ்தி ரசீது உரிமையைத் தரும் பத்திரம் ஆகாதுதான், ஆனால் யார் அனுபவத்தில் நிலம் இருந்தது என்று காட்ட அது உதவும். ரோட்டுக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் எடுக்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு அந்தத் துண்டுச் சீட்டை எறிவது நல்லதில்லை. சிட்டாவும் வில்லங்கச் சான்றும் இப்போது இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம், அவற்றின் பழைய நகல்களை அடுக்கிவைக்க வேண்டியதில்லை. அசல் பத்திரம் அப்படியில்லை. தொலைந்தால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று என்று நடையாய் நடக்க வேண்டும்.

பத்திரத்தையும் சான்றிதழையும் லேமினேஷன் செய்யாதீர்கள். பின்னால் முத்திரை வைக்கவோ, சரிபார்க்கவோ, பிரிக்கவோ முடியாமல் போகும். பிளாஸ்டிக் உறை உள்ள ஃபைலில் போட்டு, இரும்புப் பெட்டியில், தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள். கரையான் தரை, சுவர் வழியாகத்தான் ஏறும். இராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டு போடலாம். ஆதார், ஓட்டுநர் உரிமம், சமீப வருடங்களின் பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல் எல்லாம் அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் கிடைக்கும், பிள்ளைகளுக்கு இப்போதே கணக்குத் தொடங்கிவிடுங்கள். கரண்ட் பில், கேஸ் ரசீது, ஏடிஎம் சீட்டு எல்லாம் கணக்குப் பார்த்த பிறகு போகலாம். பயிர்க்கடன், நகைக்கடன் கட்டி முடித்த ரசீதை வைத்திருங்கள்.

மொய் நோட்டை மறந்துவிடப் பார்த்தேன். அது எப்போதைக்கும் வைக்க வேண்டியது. வீட்டில் நடந்த கடைசிக் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு வைத்தார்கள் என்று தெரியாமல் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் நிற்பது எவ்வளவு சங்கடம் என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக் கணவன், மனைவி இரண்டு பேர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே போகும் பொருள் எங்கே போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக் எல்லாம் பழைய இரும்புக்கடைக்கு. இன்வெர்ட்டர் பேட்டரியைத் தெருவில் வருபவரிடம் கொடுக்காமல் புது பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள். பழைய பெட்டி டிவியை உடைக்க விடாதீர்கள், அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, முழுசாக மின்கழிவு எடுக்கும் ஆளிடம் போகட்டும். நல்ல பருத்திச் சேலையைத் தொட்டில் துணிக்குக் கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கிழிந்ததைத் தானம் என்று யாருக்கும் கொடுக்க வேண்டாம், துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். போகி அன்று பாயும் விளக்குமாறும் எரியட்டும், டயரும் பிளாஸ்டிக்கும் எரிய வேண்டாம். அந்தப் புகையை முதலில் குடிப்பது நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

வாழ்க்கையையும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு ஆப் எதுவும் வேண்டாம். பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில், சீட்டுத் தவணை, ஸ்கூல் ஃபீஸ், இன்ஷூரன்ஸ் தேதிகளை வருட ஆரம்பத்திலேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்காரர் வாரக் கடைசியில் வந்ததும் அதன் முன்னால் ஐந்து நிமிடம் நின்றால் அந்த வாரப் பேச்சில் பாதி முடிந்துவிடும். சாவி, கத்தரிக்கோல், டார்ச், மருந்து டப்பா, இந்த நான்குக்கும் நிரந்தர இடம் குறித்துவிட்டால் வீட்டில் சத்தம் குறையும். மருந்து டப்பாவைத் திறந்தால் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

கடைசியாக, இரண்டு புது பீரோ வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். அடுத்தவர் சாமான் அவரவர் வீட்டுக்குப் போய், சிவப்புச் சீட்டு ஒரு பண்டிகையைத் தாண்டட்டும். அப்போதும் துணி வெளியே கிடந்தால் ஒன்று வாங்குங்கள். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்துங்கள், கால்களுக்கு அடியில் கட்டை கொடுங்கள், பட்டுப் புடவைகளை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது.